அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஜாஸ் காலம் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சில ஆண்டுகளாக நம் சங்கங்கள் சிலவற்றில் புத்தாண்டு இரவையும் ஆண்டு விழாவையும், ஜாஸ் இசையால் 'ஜாஸ் காலம்' என்று பெயர் பெற்ற அமெரிக்காவின் 1920-கள் பாணியில் நடத்துகிறார்கள். பெண்கள் தலையில் இறகு செருகிய பட்டையும் கழுத்தில் நீளமான முத்துச் சரமுமாக வருகிறார்கள். ஆண்களுக்குக் கோட்டும் தொப்பியும். மேடைக்குப் பின்னால் கறுப்பும் தங்கமுமாகத் திரை, ஒலிபெருக்கியில் ட்ரம்பெட். பிள்ளைகள் சார்ல்ஸ்டன் ஆடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அந்த இசை எனக்கு உயிர். விழாவை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்தப் பத்தாண்டில்தான் அமெரிக்கா நம்மைப் போன்றவர்களின் முகத்தில் கதவை அடித்துச் சாத்தியது. ஏற்கெனவே உள்ளே இருந்த இந்தியர்களின் குடியுரிமையையும் பறித்தது. இந்த இசையைப் படைத்த கறுப்பின மக்கள் அதே ஆண்டுகளில் கல்லடிக்கும் தீவைப்புக்கும் நடுவே வாழ்ந்தார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விடாமல் போராடியதால் 1965-இல் அந்தக் கதவு திறந்தது. அந்த வழியாகத்தான் நீங்களும் நானும் வந்தோம். ஜாஸ் காலத்தை மேடையேற்றும் சங்கம் இந்தக் கதையையும் மேடையேற்ற வேண்டும். தமிழ்ப் பள்ளியில் இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டும்.

நான் சிகாகோ பக்கத்தில் இருப்பவள், தமிழ்ப் பள்ளியில் வகுப்பு எடுப்பவள். அதனால் சிகாகோவிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் உலகப் போர் வந்ததும் ஐரோப்பாவிலிருந்து கூலியாட்கள் வருவது நின்றுபோனது. சிகாகோவின் இறைச்சிக் கூடங்களுக்கும் உருக்காலைகளுக்கும் ஆள் வேண்டியிருந்தது. தெற்கே மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் கறுப்பினத்தவர்கள் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு, ஆண்டு முடிவில் கடனோடு நின்றார்கள். ஓட்டு கிடையாது. ஒரு வெள்ளையர் கைநீட்டிக் குற்றம் சொன்னால் போதும், கும்பல் வந்து மரத்தில் தொங்கவிடும். ராபர்ட் அபட் என்பவர் 1905-இல் சிகாகோவில் தொடங்கிய டிஃபெண்டர் பத்திரிகை, வடக்கே வாருங்கள் என்று வாரம் தவறாமல் எழுதியது. ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் அந்தப் பத்திரிகையைக் கட்டுக்கட்டாகத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். அப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். 1910-இல் சிகாகோவில் ஏறத்தாழ 44,000 கறுப்பினத்தவர்கள் இருந்தார்கள். 1930-இல் அது ஏறத்தாழ 2,34,000.

வந்தவர்களை நகரம் தெற்குப் பகுதியில் ஒரு ஒடுங்கிய துண்டுக்குள் அடைத்தது. அதற்கு வெளியே வீடு கிடைக்காது. மிச்சிகன் ஏரியில் குளிக்கக்கூட எழுதப்படாத எல்லை ஒன்று இருந்தது. 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் தன் நண்பர்களோடு ஒரு மரத் தெப்பத்தில் மிதந்துகொண்டிருந்தான். தெப்பம் மெல்ல நகர்ந்து 29-ஆம் தெருவுக்கு நேரே, வெள்ளையர்கள் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த நீருக்குள் போய்விட்டது. கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். பையன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைது செய்ய அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்துவிட்டார். அன்று மூண்ட கலவரம் ஒரு வாரம் நீடித்தது. 38 பேர் இறந்தார்கள், அதில் 23 பேர் கறுப்பினத்தவர்கள். ஏறத்தாழ ஆயிரம் கறுப்பினக் குடும்பங்கள் வீடிழந்தன.

அந்த ஏரிக்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி, 31-ஆம் தெருவில், லிங்கன் கார்டன்ஸ் என்ற நடனக் கூடம் இருந்தது. 1922 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய 21 வயது இளைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் அங்கேதான் தன் குரு ஜோ ஆலிவரின் குழுவில் சேர்ந்து, ட்ரம்பெட் போன்ற ஊதுகருவியான கார்னெட் வாசித்தார். கலவரம் முடிந்து மூன்றே ஆண்டுகள். இரவில் அந்தக் கூடத்துக்கு ஆட வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த ஒரு வாரத்தைத் தங்கள் தெருவில் பார்த்தவர்கள். நம் விழாவில் ஒலிக்கும் ட்ரம்பெட் அங்கிருந்து வந்தது. இது தெரிந்தபின் அந்த இசையைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அதன் கொண்டாட்டம் இன்னும் பெரிதாகத்தான் கேட்கிறது.

அடுத்த ஆண்டு அந்தக் குழு இசைத்தட்டுப் பதிவுக்காக இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் என்ற சிற்றூருக்குப் போனது. 1923 ஏப்ரல் 5. ஸ்டார் பியானோ ஆலைக்குள் ஜெனட் நிறுவனத்தின் பதிவறை. பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் வந்தால் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அப்போது மைக் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கூம்புக் குழாயின் முன் எல்லோரும் நெருக்கிக்கொண்டு வாசிக்க, அந்த அதிர்வு ஊசி வழியாக மெழுகில் பதியும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டையில் தாளம் தட்டினார். ஆர்ம்ஸ்ட்ராங் ஊதினால் மற்ற எவருடைய ஒலியும் கேட்கவில்லை என்று அவரைப் பல அடி பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின், அவர் பெண். மறுஆண்டு அவரைத்தான் ஆர்ம்ஸ்ட்ராங் மணந்துகொண்டார். சொந்தப் பெயரில் வெளியே வா என்று அவரை உந்தித் தள்ளியவரும் லில்தான். நம் பெண் பிள்ளைகளுக்கு இறகுப் பட்டையைக் காட்டும்போது லில் ஹார்டினின் பெயரையும் சொல்லுங்கள்.

அதே ஜெனட் ஆலையில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு காசு கொடுத்துத் தன் பாடல்களையும் இசைத்தட்டாக அச்சடித்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் இந்தியானாவில் மட்டும் க்ளானுக்கு இரண்டரை லட்சம் உறுப்பினர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். 1924-இல் அவர்கள் ஆதரித்தவரே ஆளுநராக வென்றார். அது காட்டுக்குள் ஒளிந்திருந்த கூட்டம் இல்லை. கடைக்காரர், பல் மருத்துவர், பாதிரியார் எல்லோரும் அதில் இருந்தார்கள். 1925 ஆகஸ்டில் வெள்ளை அங்கி அணிந்த பல்லாயிரம் பேர் பட்டப்பகலில், முகத்தை மூடாமல், வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் அணிவகுத்துப் போனார்கள். கறுப்பினத்தவரோடு கத்தோலிக்கரையும் யூதரையும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் வெறுத்தார்கள். ஜாஸ் காலம் என்று நாம் சொல்லும் காலம் அவர்களுடைய காலமும்கூட.

மதுவிலக்கு, ரகசிய மதுக்கூடம், அல் கபோன், பங்குச் சந்தை வீழ்ச்சி எல்லாம் நம் பிள்ளைகளுக்கு சினிமாவிலிருந்தே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1920-ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். தெற்கே கறுப்பினப் பெண்கள் வாக்குச் சாவடிக்குப் போனால் வாக்கு வரி கேட்டார்கள், எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள், மிரட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட 1965 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி நம் கதை.

ரிச்மண்டில் அந்தத் தட்டு பதிவாவதற்கு ஆறேழு வாரம் முன்பு, 1923 பிப்ரவரி 19 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. திந்த் பஞ்சாபில் பிறந்த சீக்கியர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, நல்ல பெயரோடு விடுவிக்கப்பட்டவர். 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். நடுவில் இருப்பவர்கள் யார் பக்கம் என்று நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாகக் குழம்பின. மூன்று மாதம் முன்பு தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் இதே நீதிமன்றம், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், ஜப்பானியர் அந்த இனம் இல்லை என்றது. சரி, அன்றைய இனவியல் வட இந்தியரைக் காக்கேசியர் என்றுதானே வகைப்படுத்துகிறது என்று திந்த் கேட்டார். இப்போது நீதிமன்றம் பேச்சை மாற்றியது. அறிவியல் வகைப்பாடு எதற்கு, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று புரிந்துகொள்கிறானோ அவர்தான் வெள்ளையர் என்றது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட். அவர் இங்கிலாந்தில் பிறந்து சிறு வயதில் குடியேறியவர்.

இந்த வழக்கில் நாம் கண்டிப்பாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. திந்தின் தரப்பு, அவர் உயர்சாதி, ஆரிய ரத்தம், சாதிக் கட்டுப்பாட்டால் அந்த ரத்தம் கலக்காமல் வந்திருக்கிறது என்று வாதிட்டது. திருமண விஷயத்தில் அமெரிக்கர் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியாவின் பழங்குடியினரைப் பார்க்கிறார் என்று எழுதியே கொடுத்தார்கள். வெள்ளையரின் வரிசையில் இடம் பிடிக்கச் சாதியைச் சான்றிதழாக நீட்டினார்கள். அப்படியும் இடம் கிடைக்கவில்லை. திந்துக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாதத்தை மறைத்துவிட்டு அவரை வெறும் வீரராக மட்டும் பிள்ளைகளிடம் காட்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது நம்மவர்களில் சிலர் இங்கே சாதி ஏது என்று கேட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சாதியைச் சொல்லி வாதாடி நூறு ஆண்டுக்கு மேலாகிறது.

தீர்ப்புக்குப் பிறகு அரசு ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களைத் தேடித் தேடி வழக்குப் போட்டுக் குடியுரிமையை ரத்து செய்தது. அவர்களில் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பாகாய். 1915-இல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோ வந்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் தன் பிள்ளைகள் வளரக் கூடாது என்பதற்காகவே வந்தவர். கடை வைத்தார், 1921-இல் குடியுரிமை பெற்றார். பெர்க்லியில் ஒரு வீடு வாங்கினார்கள். சாமான்களோடு போய் இறங்கிய அன்று, இவர்கள் உள்ளே போகாதபடி அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இங்கே ஆபத்து என்று கலா சொல்ல, அப்படியே திரும்பிவிட்டார்கள். திந்த் தீர்ப்பு பாகாயின் குடியுரிமையைப் பறித்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்பது கலிபோர்னியாச் சட்டம், அதனால் சொத்தும் போனது. ஊருக்குப் போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டு கேட்டார், பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் போகச் சொன்னார்கள். எதை உதறிவிட்டு வந்தாரோ அதையே மறுபடி கையில் வாங்க அவருக்கு மனமில்லை. 1928 மார்ச்சில் சான் ஹோசேயில் ஓர் அறை எடுத்து, எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை விட்டார். அதற்கு முன் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். இந்த நாட்டை என் வீடாக்கிக்கொள்ளலாம் என்று கனவோடு வந்தேன், இப்போது நான் யார், என் பிள்ளைகள் யார் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். கலா பாகாய் மகன்களை வளர்த்து ஆளாக்கினார், பின்னாளில் குடியுரிமையும் பெற்றார். பெர்க்லியில் இன்று அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. எச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் நம் குடும்பங்களுக்கு அந்தக் கடிதத்தின் வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

1917-ஆம் ஆண்டுச் சட்டமே இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியிலிருந்து ஆள் வருவதைத் தடுத்துவிட்டது. 1924 மே 26 அன்று அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்ட ஜான்சன் – ரீட் சட்டம், குடியுரிமைக்குத் தகுதியற்ற எவரும் குடியேறவே கூடாது என்றது. இத்தாலியரையும் யூதரையும் குறைக்க ஒரு தந்திரம் செய்தார்கள். அவர்கள் பெருமளவில் வருவதற்கு முந்தைய 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, அதில் எந்த நாட்டவர் எத்தனை பேரோ அதில் இரண்டு சதவீதம்தான் ஆண்டுக்கு வரலாம் என்று வைத்தார்கள்.

கதவு சாத்திய அந்த நாளில் இங்கே இருந்த சில ஆயிரம் இந்தியர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? கலிபோர்னியாவின் வயல்களில் பஞ்சாபியர் மெக்சிகப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். பாஸ்டனின் கலை அருங்காட்சியகத்தில் 1917 முதல் கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசாமி இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்து வந்தார். அவரைப் போல அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தவர்கள் மிகச் சிலர். வங்காளத்தின் ஹூக்ளி பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த முஸ்லிம் துணி வியாபாரிகளைப் பாருங்கள். பூவேலை செய்த துணிகளை மூட்டை கட்டி வந்து நியூ ஆர்லியன்ஸில் விற்றவர்கள். அவர்கள் குடியிருந்த இடம் ட்ரேமே, ஜாஸ் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பேட்டை. சிலர் அங்கேயே கறுப்பினப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். கப்பலில் அடுப்படி வேலைக்கு வந்து நியூயார்க் துறைமுகத்தில் தப்பித்து இறங்கிய வங்காள மாலுமிகளில் பலர் ஹார்லெமில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கக் குடும்பங்களுக்குள் மருமகன்களாகப் போனார்கள். சட்டம் இவர்களைத் துரத்திய ஆண்டுகளில் சோறும் இடமும் கொடுத்தது அந்தத் தெருக்கள்தான். இதை நான் முதலில் படித்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் இது தெரியாது.

வெள்ளையர் தெருக்களின் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் சிகாகோ புறநகரில் பழைய வீடு ஒன்று வாங்கியது. பத்திரத்தோடு வந்த பழைய காகிதக் கட்டில் தட்டச்சு செய்த ஒரு வரி இருந்தது. காக்கேசியர் அல்லாத எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரராக இருந்தால் தவிர. அந்த வீட்டம்மா காகிதத்தை என்னிடம் காட்டிவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை. 1927-இல் சிகாகோவின் வீட்டுத் தரகர் வாரியம் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு மாதிரி வாசகமே தயாரித்து ஊரெங்கும் பரப்பியது. 1948-இல் உச்ச நீதிமன்றம் அதை அமல்படுத்த முடியாது என்றது, 1968-இல் சட்டம் அதைத் தடை செய்தது. இரண்டும் கறுப்பினத்தவர் நடத்திய வழக்கின், போராட்டத்தின் பலன். நாம் நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வீடு வாங்கும் புறநகர்களின் பூட்டைத் திறந்தவர்கள் அவர்கள்.

இசையில் வந்த காசு யாருக்குப் போனது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்லெமின் காட்டன் கிளப்பில் 1927 டிசம்பரிலிருந்து ட்யூக் எலிங்டன் குழு வாசித்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், நாற்காலிகளில் வெள்ளையர்கள் மட்டும். அரங்கத்தைப் பழைய அடிமைக்காலப் பண்ணை வீடு போல அலங்கரித்திருந்தார்கள். முதலாளி ஒரு சாராயக் கடத்தல்காரர். எலிங்டனின் சொந்தத் தெருக்காரர் டிக்கெட் எடுத்து உள்ளே போய் அவரைக் கேட்க முடியாது.

இந்தக் கதை 1965-க்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு இரண்டு மனிதர்களைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒருவர் ஆசா ஃபிலிப் ராண்டால்ஃப். டிஃபெண்டர் பத்திரிகையைச் சுமந்துபோன அதே ரயில் பணியாளர்கள் 1925 ஆகஸ்டில் ஹார்லெமில் தொழிற்சங்கம் தொடங்கி இவரைத் தலைவராக்கினார்கள். பயணிகள் அவர்கள் எல்லோரையும், பெயர் என்னவென்று கேட்காமலே, 'ஜார்ஜ்' என்று கூப்பிடுவார்களாம், பெட்டிகளுக்குச் சொந்தக்காரரான ஜார்ஜ் புல்மனின் பெயரை வைத்து. பன்னிரண்டு ஆண்டுகள் வேலைநீக்கத்தையும் மிரட்டலையும் தாங்கி, 1937-இல் புல்மன் நிறுவனத்தை ஒப்பந்தத்துக்கு வரவைத்தார்கள். 1963 ஆகஸ்டில் இரண்டரை லட்சம் பேர் திரண்ட வாஷிங்டன் பேரணிக்கு அழைப்பு விடுத்து, தலைமை தாங்கியவர் இதே ராண்டால்ஃப். அப்போது அவருக்கு வயது 74. மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்னது அந்த மேடையில்தான்.

இன்னொருவர் இமானுவேல் செல்லர். ப்ரூக்ளின் யூதர், 1923-இல் முதல் முறையாகப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தவர். 1924-இல் ஜான்சன் – ரீட் சட்டத்தை எதிர்த்துச் சபையில் பேசினார், தோற்றார். விடவில்லை. 1946-இல் சக சபை உறுப்பினர் கிளேர் பூத் லூஸோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த சட்டம் இந்தியருக்குக் குடியுரிமைத் தகுதியையும் ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்ற அனுமதியையும் தந்தது. 1964-இல் சிவில் உரிமைச் சட்டத்தைச் சபையில் நிறைவேற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு. 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று செல்லர் பெயரைத் தாங்கிய குடியேற்றச் சட்டம். தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அலபாமா மாநிலத்தின் செல்மாவிலும் பர்மிங்ஹாமிலும் கறுப்பினத்தவர்கள் போராடி அடிபட்டு நிலைநாட்டிய பிறகு, பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கும் சட்டத்துக்கு வக்காலத்து வாங்க ஆள் குறைந்துபோனது. 41 ஆண்டுகள் கழித்துச் செல்லர் வென்றது அந்தப் பலத்தில்தான்.

கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதா ஒன்றும் ஜாஸ் காலத்தில் வந்தது. 1922 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது. செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். அப்படியொரு சட்டம் கடைசியில் கையெழுத்தானது 2022 மார்ச்சில். நமக்கான கதவு 41 ஆண்டில் திறந்தது. அவர்களுக்கு இந்த ஒரு சட்டத்துக்கே நூறு ஆண்டு.

சங்கத்தில் அரசியல் பேசக் கூடாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்பு வேட்பாளர் எவருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இறங்கக் கூடாது, அது சரி. வரலாற்றைச் சொல்லித்தர எந்தத் தடையும் இல்லை. பிள்ளைகள் மனம் வருந்தும் என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. யூஜின் வில்லியம்ஸின் கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் சொல்லியிருக்கிறேன். வருந்தினார்கள். அப்புறம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். வருத்தமே படாமல் அவர்கள் வளர வேண்டும் என்று நாம் ஏன் ஆசைப்பட வேண்டும்?

நான் கேட்பவை செய்யக்கூடியவைதான். அடுத்த முறை ஜாஸ் இரவு நடத்தும்போது பதினைந்து நிமிடம் இந்தக் கதைக்கு ஒதுக்குங்கள். திந்த் வழக்கைப் பிள்ளைகளே நாடகமாகப் போடலாம், நீதிபதியும் வக்கீலும் நேருக்கு நேர் நிற்கும் நல்ல காட்சி அது. அந்த மேடையில் எந்தப் பிள்ளையின் முகத்திலும் கறுப்பு வேடம் பூச வேண்டாம். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து சம்பாதித்த காலம் அது. நம் ஊர் நாடகப் பழக்கத்தில் யோசிக்காமல் செய்துவிடக்கூடிய தவறு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒலிப்பதிவை ஓடவிடுவதற்குப் பதில் உங்கள் ஊரில் இருக்கும் கறுப்பின ஜாஸ் கலைஞர்களை அழையுங்கள். சென்னையிலிருந்து சினிமாப் பாடகரை வரவழைக்க விமானச் செலவும் சம்பளமும் கொடுக்கிறோமே, அந்த மரியாதையோடு கொடுங்கள். டெடி வெதர்ஃபோர்ட் என்ற சிகாகோ பியானோ கலைஞர் 1926-இல் ஆசியாவுக்குக் கப்பலேறி, பம்பாயின் தாஜ் ஹோட்டலிலும் கல்கத்தாவிலும் வாசித்து, 1945-இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். நம் மண்ணில் உறங்கும் அவர் பெயரைச் சொல்லியே அந்தக் கலைஞர்களோடு பேச்சைத் தொடங்கலாம்.

கோடைக்காலச் சுற்றுலாவில் ஒன்றை மாற்றுங்கள். சிகாகோ சங்கங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தால் ஒரு நாள் போதும். 35-ஆம் தெருவில் ஆர்ம்ஸ்ட்ராங் தன் குழுவோடு வாசித்த சன்செட் கஃபேயின் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதே தெருவில் முதல் உலகப் போரில் போரிட்ட கறுப்பினப் படைப்பிரிவுக்கு எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. ஏரிக்கரைக்கு வந்தால் 29-ஆம் தெரு அருகே யூஜின் வில்லியம்ஸ் நினைவாகப் பாறையில் பதித்த பட்டயம். நியூயார்க், நியூ ஜெர்சிக்காரர்களுக்குக் குயின்ஸில் ஆர்ம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகவே இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அங்கே வழிகாட்டுபவர்களிடம் நேரம் கேட்டு, அந்தப் பேட்டையில் இப்போது வாழ்கிறவர்கள் பேசுவதையும் கேட்டு வாருங்கள்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. கார்ட்டர் உட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1926 பிப்ரவரியில் தன் மக்களின் வரலாற்றுக்காக ஒரு வாரம் ஒதுக்கித் தொடங்கியதுதான் இன்று முழு மாதமாக வளர்ந்திருக்கிறது. திந்த் தீர்ப்பு வந்ததும் பிப்ரவரியில். அந்த மாதத்தில் ஒரே ஒரு வகுப்பை இதற்குக் கொடுங்கள். ஏழு, எட்டாம் நிலை மாணவர்கள் படிக்கும்படி பாகாய் குடும்பத்தின் கதையையும் லில் ஹார்டினின் கதையையும் எளிய தமிழில் பாடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு ஊர்களின் ஆசிரியர்கள் நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், சான் பிரான்சிஸ்கோ கதைகளை எழுதிச் சேர்த்தால் ஒரு சிறு நூலாகிவிடும். எந்தச் சங்கமும் காசில்லாமல் அச்சிட்டுக்கொள்ளலாம். உங்கள் செயற்குழு இதை எடுத்துக்கொள்ளுமா என்று பொங்கலுக்குள் முடிவு சொன்னால் வரும் பிப்ரவரிக்கே வகுப்பைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
சிகாகோ புறநகரில் ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை